அலாதின் லைட்: காசில்லாமல் ஒரு அகச்சிவப்புக் கண்

போன வருஷம் ஒரு வானியல் ஆப்புக்குக் காசு கட்டி ஏமாந்தேன், பேரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேட மாட்டேன். எந்த நட்சத்திரத்தைத் தொட்டாலும் ஒரு புள்ளி, பக்கத்தில் நாலு வரி, அவ்வளவுதான். அதனால் வானத்தின் படங்களைக் காட்டும் அலாதின் லைட் தளம் இலவசம் என்றதும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் வானியல் தரவு மையத்தார் நடத்துவது, பிரௌசரிலேயே ஓடும், கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

நான் தேடியது ஜீட்டா ஒஃபியூக்கி என்ற நட்சத்திரம். விருச்சிகத்துக்கு மேலே வெறுங்கண்ணுக்கே தெரியும், சுமார் 440 ஒளியாண்டு தூரம், சூரியனைப் போல 20 மடங்கு நிறை. முதலில் வரும் சாதாரண ஒளிப் படத்தில் கண்கூசும் வெள்ளை வட்டத்தைத் தவிர சொல்லும்படி ஒன்றுமில்லை. லேயரில் போய், வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஆல்வைஸ் படத்துக்கு மாற்றி, ஒன்றரை டிகிரி அகலம் தெரிகிற மாதிரி விலக்கிப் பாருங்கள், பாலத்தூணில் மோதி இரண்டு பக்கமும் பிரிகிற ஆற்றுத் தண்ணீர் போல நட்சத்திரத்துக்கு முன்னால் சிவப்பாக ஒரு வில் வளைந்து நிற்கும். மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தேன், வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்த வில்லில் தெரிவது தூசுதான். கூட இருந்த நட்சத்திரம் வெடித்தபோது ஜீட்டா ஒஃபியூக்கி தூக்கி எறியப்பட்டது என்கிறார்கள்; நொடிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, இதிலிருந்து வீசும் துகள் காற்று எதிரே கிடக்கும் வாயுவையும் தூசையும் நெட்டித் தள்ளிக் குவிக்கிறது. 30,000 டிகிரியைத் தாண்டிய மேற்பரப்பின் புறஊதா ஒளி பட்டுத் தூசு சூடாகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரும் அளவுக்கு இல்லை, அந்தச் சூடு அகச்சிவப்பாகத்தான் வெளியே வருகிறது. சிவப்பு அதன் சொந்த நிறம் இல்லை, சரியா? 22 மைக்ரான் அலைநீளத்துக்குப் பூசிய வண்ணம்.

அப்புறம் ஆசை விடாமல் டபிள்யூஆர் 140-ஐயும் தேடினேன். இரட்டை நட்சத்திரம், எட்டு வருஷத்துக்கு ஒருமுறை நெருங்கும்போது இரண்டின் காற்றும் மோதிப் புதுத் தூசு வளையம் பிறக்கும். ஆல்வைஸ் படத்தில் பளீரென்று ஒரு திட்டுதான் தெரிகிறது. வைஸின் கண்ணாடி 40 செ.மீ., அதனிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. இதைச் சுற்றியுள்ள 17 வளையங்களை எண்ண, 6.5 மீட்டர் கண்ணாடி கொண்ட வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம்தான் வேண்டும்.

போனை விடக் கணினியில், மவுஸோடு பார்ப்பது சுகம். நான் அடுத்து கப்பா கசியோபியே நட்சத்திரத்தின் பக்கம் போகிறேன், அதற்கும் இப்படி ஒரு வில் உண்டு.