பெட்டியில் 4 ஹெச்.பி., மோட்டாரில் 1.35: மதுரையில் ட்ரெட்மில் வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 42,000 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கிய ட்ரெட்மில், கடைக்காரர் சொன்ன வேலையைச் செய்யவில்லை; செய்யக்கூடிய கருவியாகவும் அது இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. எங்கள் புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதே கருவி வெவ்வேறு பெயர் ஸ்டிக்கர்களோடு வேறு கடைகளிலும் நிற்பதைப் பார்த்துவிட்டதால், ஒரு கடையைத் தவிர்ப்பதால் மட்டும் யாரும் தப்பிவிட முடியாது என்பது முக்கியமான காரணம்.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தினமும் நடக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதுதான் வழக்கம் என்றாலும், சித்திரை வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் அங்கே நடப்பது அவருக்கு முடியாமல் போனதால், வீட்டிலேயே நடக்க ஒரு கருவி வாங்கலாம் என்று முடிவு செய்தோம். என் மகனும் அதில் ஓடுவதாக இருந்தான். அவனுடைய எடை 92 கிலோ. இவை இரண்டையும் கடையில் தெளிவாகச் சொன்னோம். "சார், இது 4 ஹெச்.பி. மோட்டார், 120 கிலோ வரைக்கும் தாங்கும், மோட்டாருக்கு லைஃப் டைம் வாரண்டி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று விற்பனையாளர் சொன்னார். பெட்டியின் மேலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

மனைவி நடந்தபோது பெரிய குறை தெரியவில்லை. மகன் ஏறியதும் ஒவ்வொரு காலடிக்கும் பெல்ட் தயங்கித் தயங்கி ஓடியது. கால் மணி நேரத்தில் மூடியின் அடியிலிருந்து சூட்டு வாசனை வந்தது. சில வாரங்களில் திரையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பிழைக் குறியீடு தோன்றிக் கருவி அடியோடு நின்றுபோனது. வந்த சர்வீஸ் ஆள் மேல்மூடியைக் கழற்றியபோதுதான் மோட்டாரின் தகட்டைப் பார்த்தேன். 180 வோல்ட், 5.6 ஆம்பியர் என்று அதில் பொறித்திருந்தது. இரண்டையும் பெருக்கினால் 1,008 வாட், ஒரு ஹெச்.பி. (குதிரைத்திறன்) என்பது 746 வாட் என்பதால், இது சுமார் 1.35 ஹெச்.பி. மோட்டார். இதைக் காட்டிக் கேட்டதற்கு, "சார், அது கன்டினியூயஸ், பெட்டியில போட்டிருக்கிறது பீக்" என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது.

இந்தப் பதிவின் மையம் இந்த ஒரு பதில்தான். மோட்டார் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் கன்டினியூயஸ். ஒரு சில நொடிகளுக்கு மட்டும் எட்டிப் பிடிக்கக்கூடிய உச்சம் பீக். அரை மணி நேரம் நடப்பவருக்கு முதல் எண்தான் பயன்படும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ இரண்டாவது எண். மூடியைத் திறக்காமலேயே இதை ஓரளவு சோதிக்க ஒரு வழி உண்டு. எங்கள் கருவியோடு வந்தது சாதாரண 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட் மின்சாரத்தில் அந்த பிளக் வழியாக முறையாக எடுக்கக்கூடியது 1,380 வாட், அதாவது ஏறத்தாழ 1.85 ஹெச்.பி. மட்டுமே. 4 ஹெச்.பி. மோட்டார் தன் முழுத் திறனில் தொடர்ந்து ஓட வேண்டுமானால் 2,984 வாட், கிட்டத்தட்ட 13 ஆம்பியர் வேண்டும், ஏ.சி.க்குப் போடுவது போன்ற பெரிய பிளக் பாயிண்ட் இல்லாமல் அது நடக்காது. சிறிய பிளக்கோடு வரும் கருவியை ஒருவர் 4 ஹெச்.பி. என்று சொன்னால், அவர் எந்த ஹெச்.பி.யைச் சொல்கிறார் என்பதை அங்கேயே கேட்டுவிடலாம்.

மற்ற எண்களின் கதையும் இதுதான். 120 கிலோ என்பது கருவியின் மேல் அசையாமல் நின்றால் அதன் சட்டகம் தாங்கும் எடை என்பதைச் சர்வீஸ் ஆள்தான் விளக்கினார். தொடர்ந்து ஓடுவதற்கு 90 கிலோதான் அளவாம். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது என்பது விற்பவருக்குத் தெரியாத செய்தி அல்ல. பெட்டியில் இருந்த ஓடுதள அளவு, இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் பிளாஸ்டிக் பட்டைகளையும் சேர்த்த அளவு. பெல்டை மட்டும் டேப் வைத்து அளந்தால் அகலம் 40 சென்டிமீட்டர், நீளம் 110 சென்டிமீட்டர். நடப்பதற்கு இது போதும். உயரமான ஒருவர் எட்டி ஓடுவதற்கு 50 சென்டிமீட்டர் அகலமும் 140 சென்டிமீட்டர் நீளமுமாவது இருந்தால்தான் கால் விளிம்பில் படாது.

"15 லெவல் ஆட்டோ இன்க்ளைன்" என்று திரை காட்டுகிறது. 15 லெவல் என்றால் 15 சதவீதச் சரிவு என்று விற்பனையாளர் நம்மை நினைக்க விட்டுவிடுகிறார். 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்பக்கம் 15 சென்டிமீட்டர் உயர்ந்தால்தான் அது 15 சதவீதம். கோணத்தில் ஏறத்தாழ எட்டரை டிகிரி. எங்கள் கருவியைக் கடைசி லெவலில் வைத்து அளந்தபோது, 120 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர்தான் உயர்ந்தது, அதாவது 5 சதவீதம். ஐந்தைப் பதினைந்து துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.

வேகத்தையும் சோதித்தோம். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணினால் போதும். எங்கள் பெல்ட்டின் முழுச் சுற்றளவு 2.7 மீட்டர், மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர், ஆகவே 37 சுற்று வர வேண்டும். ஆள் ஏறாதபோது சரியாக வந்தது. பழுதாவதற்கு முன்பு மகன் நடந்தபோது 33 சுற்றுதான் வந்தது. திரையோ விடாமல் 6.0 என்றே காட்டியது.

கலோரிக் கணக்கு இன்னும் வேடிக்கை. எடை, வயது எதையும் கேட்காத கருவி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் யார் நடந்தாலும் 210 என்று காட்டியது. சமதளத்தில் நடப்பதற்கான ஆக்சிஜன் தேவையைக் கணக்கிடும் பொதுவான சூத்திரத்தின்படி, 58 கிலோ எடையுள்ள என் மனைவிக்கு அது சுமார் 103 கலோரி, 92 கிலோ மகனுக்குச் சுமார் 163. சர்க்கரை நோயாளி ஒருவர் இந்த 210ஐ நம்பி, "அதான் நடந்துட்டோமே" என்று கூடுதலாக ஓர் இட்லி வைத்துக்கொள்வாரானால் கணக்கு எங்கே போய் நிற்கும்? கைப்பிடியில் தெரியும் நாடித்துடிப்பும் இப்படித்தான். கை அசைவிலும் வியர்வையிலும் அது தடுமாறும், மார்பில் கட்டும் பட்டையின் அளவோடு ஒப்பிட முடியாது. "ஹார்ட் ரேட் புரோகிராம்" என்று பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைச் சொல்லும் பழைய கணக்கு. ஒரே வயதுடைய இருவருக்கு உண்மையான உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கை வேறுபடுவது சாதாரணம். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறவே ஏறாது என்பதால், அவர்கள் இந்தத் திரையைத் துரத்திக்கொண்டு ஓடுவது ஆபத்து. எவ்வளவு துடிப்பு போதும் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

சைக்கிளும், கையையும் காலையும் சேர்த்து அசைத்து மிதிக்கும் கிராஸ் டிரெய்னரும் வாங்குபவர்களுக்கு இதில் விலக்கு இல்லை. அண்ணாநகரில் இருக்கும் என் மைத்துனர் வாங்கிய கிராஸ் டிரெய்னரில் "எஃபெக்டிவ் ஃப்ளைவீல் 15 கிலோ" என்று இருந்தது. ஃப்ளைவீல் என்பது மிதிக்கும்போது உள்ளே சுழலும் கனமான சக்கரம். அந்தச் சக்கரத்தின் உண்மையான எடை 5 கிலோ.

இனி வாரண்டிக்கு வருகிறேன். பழுதானது மோட்டார் அல்ல, அதை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டு. வாழ்நாள் வாரண்டி மோட்டாருக்கு மட்டும்தான் என்றும், போர்டுக்கு 9,500 ரூபாயும் கூலி தனியாகவும் ஆகும் என்றும் கடையில் சொன்னார்கள். சக்தி குறைந்த மோட்டார் கனத்த ஆளை இழுக்கத் திணறி அதிக மின்சாரத்தை உறிஞ்சும்போது, முதலில் வெந்துபோவது போர்டுதான். ஆகவே கெடாத பாகத்துக்கு வாழ்நாள் வாரண்டியும், கெடக்கூடிய பாகத்துக்கு எதுவும் இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் இல்லாததால்தான் போர்டு போனது என்ற வாதமும் வந்தது; வாங்கிய அன்று ஸ்டெபிலைசர் என்ற சொல்லே எழவில்லை. பெல்ட்டுக்குத் தானாகவே எண்ணெய் போடும் என்று பொருள்படும் "ஆட்டோ லூப்ரிகேஷன்" என்பதும், சிலிக்கான் எண்ணெயை நாமே ஊற்ற வேண்டிய ஒரு துளைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில்லில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். அதன் பிறகு கடையிலிருந்து ஒரு சமரசம் வந்தது: பழுதான கருவிக்கு 15,000 ரூபாய் கழித்துக்கொண்டு, அதைவிட விலை கூடிய இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாமாம். மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

புகாரோடு மோட்டார் தகட்டின் படத்தையும், பெல்ட் சுற்றை எண்ணிய காணொளியையும், அட்டைப்பெட்டியின் படங்களையும் இணைத்தோம். எங்கள் பில்லில் "ட்ரெட்மில் - 1" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, 4 ஹெச்.பி. என்பதற்கும் 120 கிலோ என்பதற்கும் எழுத்துச் சான்றாக இருந்தது அந்தப் பெட்டி மட்டுமே. வாங்கப்போகிறவர்கள் கன்டினியூயஸ் ஹெச்.பி., ஓடுவதற்கான எடை வரம்பு, பெல்ட்டின் அளவு, போர்டின் வாரண்டிக் காலம் ஆகிய நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வாரண்டி முடியும்வரை அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.