இன்குபேட்டரின் திரையை எவ்வளவு நம்பலாம்?

வீட்டில் கோழி முட்டை பொரிக்கும் சின்ன இன்குபேட்டர் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். உள்ளே விசிறி, முட்டையைத் தானாகத் திருப்பும் தட்டு, முன்பக்கம் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் திரை. பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் பொரிப்பு கூடியது அந்தத் திரையை நம்புவதை விட்ட பிறகுதான்.

விசிறி உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொஞ்ச நேரம் கூடிக் குறைந்தால் ஒன்றும் ஆகாது. அரை டிகிரி வித்தியாசம் 21 நாளும் நீடித்தால்தான் சிக்கல். சூடு கூடினால் குஞ்சு முன்னதாகவே, சில சமயம் தொப்புள் சரியாக மூடாமல் வந்துவிடும். குறைந்தால் நாள் தள்ளும், வரும் குஞ்சும் சோர்ந்து கிடக்கும். என் பெட்டியில் 22ஆம் நாள் தாண்டியும் பாதி முட்டை அசையாமல் இருக்கவே, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளின் மேல்மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். திரை காட்டியதைவிடக் குறைவு! வித்தியாசத்தை செட்டிங்கில் சரிசெய்த பிறகு, பெரும்பாலும் 21ஆம் நாளே சத்தம் கேட்கிறது.

ஈரப்பதம் இன்னும் குழப்பமானது. முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். அந்த மீட்டரும் எவ்வளவு சரி என்று யார் கண்டது? முட்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகி எடை குறையும் என்பதால், நான் முட்டையை எடை போடுகிறேன். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். அடை வைக்கும்போது 60 கிராம் இருந்தது ஏறக்குறைய 52.5 கிராமுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். போதிய அளவு இறங்கவில்லை என்றால் ஈரத்துக்காகப் பெட்டிக்குள் ஊற்றும் தண்ணீரைக் குறைப்பேன். மழை நாட்களில் தண்ணீரே ஊற்றாமல் ஓட்டியதும் உண்டு. ஈரம் மிஞ்சினால், முட்டையின் அகன்ற முனையில் காற்று நிற்கும் இடமான காற்றறை சின்னதாகவே நின்றுவிடும். முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்தில் உள்ளேயே செத்துப்போக இது ஒரு முக்கியக் காரணம்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். உயிருள்ள முட்டையில் சிலந்தி கால் பரப்பியது போல ரத்தநாளங்கள், நடுவே அசையும் கரும்புள்ளி தெரியும். உள்ளே ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அது கரு கூடாத முட்டை. அதற்குப் பெட்டியைத் திட்டிப் பயனில்லை, சேவலைப் பாருங்கள். அடை வைக்கும் முட்டையைக் கழுவாதீர்கள், ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கூரான முனை கீழே இருக்கட்டும்.

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றி, மூடியைப் பூட்டியது போல விட்டுவிட வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு முழுநாள்கூட ஆகலாம். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரித்தால், இன்னும் வற்றாத நாளங்களிலிருந்து ரத்தம் கசியும். வந்த குஞ்சுக்கும் அவசரமில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இருப்பதால் ஒரு நாள் இரை இல்லாமல் இருக்கும். பொறுங்கள்.

குறைகளும் உண்டு. திருப்பும் மோட்டாரிலிருந்து இப்போது கரகரவென்று சத்தம் வருகிறது. தட்டின் குழிகள் கோழி முட்டைக்கு அளவானவை, காடை முட்டை உருண்டு ஓரத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பொரிப்பிலும் உதிரும் தூவிகள் சென்சாரில் ஒட்டிக்கொள்கின்றன. கழுவும்போது அதை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த முட்டைகளை அடுக்குகிறேன்.