பைரைட்டுக்கு சிம்ஸ் அளவீட்டுச் சேவை: எப்போது செலவழிக்கலாம்?

படிவுப் பாறையில் இருக்கும் பைரைட்டின் (இரும்பு சல்பைடுக் கனிமம்) கந்தக ஐசோடோப்பு விகிதத்தை (கந்தகம்-34க்கும் கந்தகம்-32க்கும் உள்ள விகிதம்) அளக்க, பாறையைப் பொடித்து குரோமியக் கரைசலால் சல்பைடை வெளியேற்றி, சில்வர் சல்பைடாகப் பிடிப்பது பழைய வழி. சிம்ஸ் (கற்றை மோதிப் பெயர்க்கும் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் முறை) சேவையில் மெருகிட்ட பரப்பின் மீது சீசியம் அயனிக் கற்றை பாய்ச்சி, 10-15 மைக்ரான் அகலப் புள்ளிகளாக அளக்கிறார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் ஒரே துணுக்கில் வெவ்வேறு காலத்தில் உருவான இரண்டு தலைமுறைப் பைரைட் இருந்தால் அந்தச் செலவு தகும்.

இந்த விகிதத்தை, ஒரு பொது நியமத்திலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு (‰) விலகுகிறது என்று சொல்வார்கள். கடல்நீர் சல்பேட்டின் இன்றைய மதிப்பு +21‰ அளவில் இருக்கிறது. படிவின் மேல்மட்டத்தில் பாக்டீரியா அதை ஒடுக்கி உண்டாக்கும் ஃபிராம்பாய்டு (நுண்படிகங்கள் திரண்ட பைரைட் உருண்டை) −40‰ வரை கூட இறங்கும். புதைந்த பிறகு, சல்பேட் வரத்து அடைபட்ட நிலையில் அதன்மேல் வளரும் உறை +15‰ காட்டலாம். இரண்டும் சரிபாதியாகக் கலந்த பொடி −12.5‰ என்று சொல்லும். அந்த மதிப்பில் எந்தப் பைரைட்டும் அங்கே உருவானதில்லை!

நல்ல ஆய்வகம் ஒரு புள்ளியை ±0.3‰ அளவுக்குத் துல்லியமாகத் தரும். பத்துப் பன்னிரண்டு புள்ளிக்கு ஒருமுறை மதிப்பு முன்பே தெரிந்த நியமப் பைரைட்டையும் அளக்கும். மார்க்கசைட், பிர்ரோடைட் போன்ற வேறு இரும்பு சல்பைடுக் கனிமம் அனுப்பினால், அதே கனிமத்தில் நியமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கருவி காட்டும் சாய்வு (உண்மை மதிப்பிலிருந்து விலகல்) கனிமத்துக்குக் கனிமம் மாறும். திருத்திய மதிப்போடு மூல விகிதங்களையும் தராத அறிக்கையை ஏற்க வேண்டாம்.

பெரும்பாலும் கெடுவது மாதிரித் தயாரிப்பில்தான். 25 மி.மீ. எபாக்சி வட்டின் நடுப்பகுதியிலேயே துணுக்குகளும் நியமமும் அருகருகே இருக்கட்டும். களிப்பாறை மென்மை, பைரைட் கடினம். மெருகு நீண்டால் களி தேய்ந்து பைரைட் மேடாக நிற்கும். அந்த விளிம்பில் மின்புலம் வளைந்து மதிப்பு நகரும். வைரப் பசையை இறுக்கமான துணியில் குறைந்த நேரம் ஓட்டுவதே நல்லது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பூசிய கார்பனை முழுக்க நீக்கிய பிறகே தங்கப் பூச்சு. எபாக்சி சரியாக இறுகாவிட்டால் வாயு கசியும், வெற்றிடம் ஏறவே ஏறாது. வளர்ச்சிப் பட்டைகளைக் காண நைட்ரிக் அமிலம் தடவினால், அளப்பதற்கு முன் மறுபடி மெருகிட வேண்டும்.

படம் இல்லாமல் மாதிரியை அனுப்புவது வீண். எந்தப் புள்ளி ஃபிராம்பாய்டில், எது உறையில் என்று குறித்தே கொடுங்கள். அளந்தபின் குழிகளையும் படமெடுக்கச் சொல்லுங்கள். விரிசலிலோ எல்லைக் கோட்டிலோ விழுந்தவற்றை ஒதுக்கலாம். கந்தக அயனி எண்ணிக்கை நியமத்தைவிட வெகுவாகக் குறைந்தால், கற்றை நுண்படிகங்களுக்கு இடையிலுள்ள களியையும் தொட்டிருக்கிறது என்று பொருள்.

பெரிய பைரைட் முண்டுகளுக்கு, லேசரால் பெயர்த்து அளக்கும் முறையே போதும், வேகமும் அதிகம். 5 மைக்ரானுக்குக் கீழான ஃபிராம்பாய்டுகளுக்கு நானோசிம்ஸ் (இன்னும் மெல்லிய கற்றையுள்ள சிம்ஸ்) கேளுங்கள். துல்லியம் ஒரு ‰ அளவுக்குத் தளர்ந்தாலும், உறைக்கும் அதன் உள்ளிருக்கும் ஃபிராம்பாய்டுக்கும் 55‰ வித்தியாசம் இருக்கும்போது அது பொருட்டே அல்ல.