3,500 கிலோ இழுக்கும் என்றார்கள்: பிக்கப்பும் கேரவனும், என் அனுபவம்

சிங்கப்பூரில் கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடு, வைத்திருக்க வழியில்லை. சரக்கு வண்டிக்கான சிஓஇ (வண்டி வைத்திருக்க எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) எடுத்து பிக்கப்பை வாங்கிவிட்டாலும், ஆறு மீட்டர் கேரவனை யீஷூன் புளோக் கார்ப்பார்க்கில் எங்கே நிறுத்துவது? அதனால் 2022 கடைசியில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு ஒரு டீசல் பிக்கப்பும் பழைய கேரவனும் வாங்கினோம். ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை என்றால் அங்கேதான் இருப்போம்.

வண்டி விற்றவர் சொன்னது ஒரே எண். "3,500 கிலோ இழுக்கும்." எங்கள் கேரவனின் உச்ச எடையே 2,500தான். இதற்கு மேல் என்ன கணக்கு என்று விட்டுவிட்டோம்.

விட்டிருக்கக் கூடாது. பிக்கப் தன் மேல் சுமக்கக்கூடிய எடை, அதாவது பேலோடு, 950 கிலோ. முன் கம்பி, பின் கூண்டு, டிராயர் எல்லாம் சேர்த்து 180. ஆட்கள் ஐந்து பேர், 340. ஃப்ரிட்ஜும் சாமான்களும் 120. இதோடு, கேரவனின் மூக்கு டவ்பால் (பிக்கப்பின் பின்னால் கேரவனை மாட்டும் இரும்புக் குண்டு) மேல் அழுத்தும் எடையும் பிக்கப்பின் கணக்கில்தான் ஏறும். கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 250. கூட்டினால் 890. மிச்சம் 60 கிலோ! அப்புறம் இரண்டு வண்டியும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. எங்களுக்கு அது 6,000. பிக்கப்பை, அதன் சொந்த எடையும் சேர்த்து, உச்சமான 3,200 வரை நிரப்பினால், இழுக்க மிஞ்சுவது 2,800தான். அந்த 3,500 விளம்பரத்தோடு சரி.

இதெல்லாம் தெரியாமல் முதல் பயணம் கிளம்பினோம். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்த்தது. எடையைப் பகிரும் ஹிட்ச் (இரண்டு வண்டியையும் இணைக்கும் கருவி) ஒன்று வாங்கி மாட்டினோம். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி, சங்கிலி போட்டு இழுத்து, முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் எடையைத் திருப்பிக் கொடுக்கும். வண்டி மட்டமாக நின்றது. ஆனால் மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அது உறைக்காமல், பின்பக்கத்துக்கு இன்னும் ஓய்வு கொடுக்கலாம் என்று நானே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பிக்கப்பில் இருந்த நான்கு 20 லிட்டர் தண்ணீர் கேன், இரண்டு சைக்கிள், என் மனைவி விடாப்பிடியாகக் கொண்டுவந்த கிரைண்டர் எல்லாவற்றையும் கேரவனின் வால்பக்கம் ஏற்றினேன்.

ஜெரால்டனுக்குத் தெற்கே கிரீனோ என்று ஓர் இடம். கடல்காற்றில் மரங்களே தரையோடு சாய்ந்து வளர்ந்திருக்கும். அங்கே எதிரே ஒரு ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்துவரும் நீள லாரி, கடந்த நொடியில் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. ஒரு ஆட்டம், அடுத்தது அதைவிடப் பெரிதாக. கண்ணாடியில் கேரவனின் ஜன்னல் இடப்பக்கம் தெரிந்து, வலப்பக்கம் தெரிந்தது. "மச்சான், பிரேக்கை மிதிக்காதீங்க!" என்று கத்தினேன். அவர் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, டேஷ்போர்டில் இருக்கும் குமிழை அழுத்தி கேரவன் பிரேக்கை மட்டும் பிடித்தார். நின்றது. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் கேரவன் பார்க்கில் பக்கத்து வண்டிக்காரரிடம் மூக்கு எடை பார்க்கும் கருவியை இரவல் வாங்கி வைத்தால், 130 கிலோ காட்டியது. மூக்கு லேசாக, வால் கனமாக இருந்தால் ஆடத்தான் செய்யும். சாமான்களைச் சக்கரத்துக்கு மேலேயும் கொஞ்சம் முன்னேயும் நகர்த்தியதும் 235. பெர்த்துக்குத் திரும்பும்போது அதே காற்று, ஆட்டமில்லை.

பிறகு டிராயரைக் கழற்றி எறிந்தோம், சைக்கிளை விற்றோம். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய்விடுகிறோம். ஹிட்ச் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நல்லது, ஆனால் கிரீஸ் கையோடு பத்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டும். மண் பாதையில் திரும்புவதற்கு முன் கம்பிகளைக் கழற்றிவிடுகிறோம். டீசல்? தனியாக ஓடினால் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், இழுத்தால் 17.

கிரைண்டர் போகவில்லை. சக்கரத்துக்கு நேர் மேலே, இருக்கைக்கு அடியில், பெட்டி கட்டும் பெல்ட்டால் கட்டியிருக்கிறேன்.