அட்ரினலின் பேனா ஊசி: போட்ட பிறகு கை நடுங்கினால் பயப்படாதீர்கள்

குளவி கொட்டினால் எனக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டர், அதாவது அழுத்தினால் தானாகவே மருந்தை இறக்கும் பேனா ஊசி, இல்லாமல் நான் வெளியே போவதில்லை. ஒருமுறை நிஜமாகவே போட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஊசியின் வலி பெரிதில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் நடுங்கின, முகம் வெளுத்துவிட்டதாக அருகில் இருந்தவர்கள் பதறினார்கள். பெட்டிக்குள் இருந்த தாள் இவற்றையெல்லாம் பக்க விளைவுகள் என்று வெறுமனே அடுக்கியிருக்கிறது. ஏன் வருகின்றன என்று ஒரு வரி இல்லை. எனக்கு இதில் பெரிய குறையே அதுதான். பக்க விளைவுக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தாமதம் உயிரையே எடுக்கும்.

அட்ரினலின் ஒரே மூலக்கூறுதான். அது என்ன செய்யும் என்பது எந்த ஏற்பியில் (செல்லில் மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடம்) போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா 1 ஏற்பியில் உட்கார்ந்தால் செல்லுக்குள் கால்சியம் கூடி, தசை இறுகும். குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், வீக்கம் வடியும். முகம் வெளுத்தது இதனால்தான். இதயத்தில் இருப்பது பீட்டா 1; படபடப்பு அங்கிருந்து வருகிறது. மூச்சுக்குழாயில் பீட்டா 2. அங்கே செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடி, தசை தளர்ந்து, மூச்சு வழி திறக்கிறது. விரல் நடுங்கியதும் தசைகளில் உள்ள இதே பீட்டா 2 வேலைதான். ஒரே மருந்து ஓரிடத்தில் தசையை இறுக்கி இன்னோரிடத்தில் தளர்த்துவது எப்படி என்ற குழப்பத்தை, ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என 1948-இல் அமெரிக்க மருந்தியல் ஆய்வாளர் அல்குவிஸ்ட் பிரித்துக் காட்டித் தீர்த்துவைத்தார். அலர்ஜி மாத்திரையால் இதெல்லாம் முடியாது. அது அலர்ஜியின்போது உடம்பில் வெளியாகும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும், அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சரி, கருவிக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு 0.3 மில்லிகிராம், சிறு பிள்ளைகளுக்கு 0.15. மூடியை இழுத்துவிட்டு, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். தாளில் சொன்ன விநாடிகள் அப்படியே பிடித்திருக்க வேண்டும். பேன்ட்டுக்கு மேலேயே போடலாம். ஏன் தொடை? தோலுக்கு அடியில் போட்டால் ஆல்ஃபா 1 அங்குள்ள குழாய்களைச் சுருக்கிவிடும், மருந்து மெதுவாகத்தான் நகரும். தொடைத் தசையில் பீட்டா 2 குழாய்களை விரிப்பதால் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். 1998-இல் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்ட தோலடியில் சராசரியாக 34 நிமிடம், தசையில் 8 நிமிடம் ஆனது.

போடும் முன்னும் போட்ட பின்னும் ஊசி கண்ணில் படாதபடி மறைத்திருப்பது எனக்குப் பிடித்தது. மருந்து பழுப்பாகிவிட்டதா என்று பார்க்கச் சின்ன ஜன்னல் வைத்திருப்பதும் நல்ல யோசனை. ஆனால் எது ஊசி வரும் முனை என்று அவசரத்தில் தடுமாறுவது சுலபம். கட்டைவிரலில் இறங்கிவிட்டால் அங்கே குழாய்கள் இறுகி விரல் வெளுத்து மரத்துப்போகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழகிப் பார்ப்பதற்கென்றே உள்ள, ஊசி இல்லாத டிரெய்னர் கருவியை வீட்டில் எல்லோர் கையிலும் கொடுத்துப் பழக்குங்கள். அப்புறம், பாக்கெட்டில் வைக்க இது பருமன். வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. காலாவதித் தேதியை அடிக்கடி பாருங்கள்.

ப்ரொப்ரனலோல் மாதிரி பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பீட்டா ஏற்பிகளை அந்த மாத்திரை ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தால் இந்த ஊசி முழுசாக வேலை செய்யாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் குளுககான் என்ற ஹார்மோன் மருந்தைக் கொடுப்பார்கள். அது வேறொரு ஏற்பி வழியாக இதயத்தில் அதே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும்.

ஒன்று மட்டும் வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். உடம்பு அட்ரினலினைச் சீக்கிரமே சிதைத்துவிடும். போட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, காலை உயர்த்திப் படுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்காதீர்கள். 5 முதல் 15 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவதைப் போட வேண்டும். நன்றாகத் தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், மருந்தின் வேகம் குறைந்ததும் அலர்ஜி திரும்ப வரலாம்.