எட்டு வருடமாகக் கூரையில் வெயில் விற்கிறேன்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரைமேல் 2017 டிசம்பரில் 16 சோலர் பேனல் ஏறியது. மொத்தம் 5 கிலோவாட். அதற்கு முதல் வருடம்தான் இலங்கை அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுப் பாவனை அப்போது மாதம் 200 யூனிட்டைத் தொட்டு நின்றது. 180க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 45 ரூபா. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், வயதான அம்மா இருக்கிற வீட்டில் ஏசியை நிறுத்து என்று யார் சொல்வது?

செலவு பத்தரை இலட்சம். பாதி சேமிப்பு, பாதி வங்கிக் கடன், ஏழு வருடத் தவணை. ஒப்பந்தத்தில் மூன்று வழிகள் இருந்தன. நெட் மீட்டரிங் என்றால் மிஞ்சும் யூனிட் அடுத்த மாதக் கணக்கில் சேரும், காசு வராது. நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவிப்பதற்குத் தனியாகப் பில் கட்டுவது. நடுவில் இருந்த நெட் அக்கவுண்டிங்கை எடுத்தேன். வீட்டுப் பாவனை போக மிஞ்சுவதற்கு முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50. இந்த எண்களை நம்பித்தான் கடன் எடுத்தேன். பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் பிறகு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திருகோணமலை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நல்ல மாதத்தில் 620, 630 யூனிட் வரும். வாடைக்காற்று மழை பிடித்துக்கொண்டால் நவம்பர், டிசம்பரில் 350க்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கொளுத்துகிற வெயில் எல்லாம் கூடுதல் கரண்ட் என்று நினைக்க வேண்டாம். பேனல் சூடேற ஏறக் கரண்ட் குறையும். என் கணக்கில் மிக நல்ல நாட்கள் பெப்ரவரி, மார்ச்சில்தான் வந்திருக்கின்றன.

எங்களுக்குப் பெரிய எதிரி உப்பு. கடற்கரை வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர். கண்ணாடிமேல் மெல்லிய பசை மாதிரிப் படியும், அதன்மேல் கச்சான் தூசி. அதற்கு மேல் காகம் கொண்டுவந்து போடும் மீன்முள். பத்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடேற முதல், பழைய வேட்டித் துணியும் தண்ணீருமாக ஏறுகிறேன். பொருத்திய கம்பனி தாங்கிகளுக்கு சாதாரண இரும்பு ஆணியைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் வருடம் அவை துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. உத்தரவாதம் பத்து வருடம் என்றார்கள். அவர்களுடைய தொலைபேசி நான்கு வருடம்கூட ஒலிக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் எங்கள் கரைக்கு வடக்கே கரையேறியபோது பேனல்கள் நிலைத்து நின்றதற்குக் காரணம், அந்த ஒக்டோபரில் ஒரு தம்பியைப் பிடித்து எல்லா ஆணியையும் துருப்பிடிக்காத உருக்காக மாற்றியதுதான்.

ஆறாம் வருடம், பேனல் தரும் கரண்டை வீட்டுக்கும் லைனுக்கும் ஏற்றதாக மாற்றுகிற இன்வேர்ட்டர் செத்தது. திறந்து பார்த்தால் போர்டுக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. திருத்த 60 ஆயிரம். பல்லி சொன்னால் பலன் உண்டு என்பார்கள். இது சொல்லாமலே பலன் தந்தது.

2022ஐ மறக்க முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. கூரையில் 16 பேனல், உச்சி வெயில், கீழே அம்மாவுக்குப் பனையோலை விசிறி. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வகை இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைக் கரண்ட் அடிக்கும். காரணம் சரிதான். ஆனால் விற்க வந்தவர் இதைச் சொல்லவேயில்லை. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, பத்து இலட்சத்துக்குச் சூரியன வாங்கி வச்சிட்டு மெழுகுதிரி கொளுத்திறீங்களோ?” என்று கேட்டா. பதில் இல்லை.

2024 முடிவில் என் ஏழு வருடமும் முடிந்தது. நல்ல மாதத்தில் மிஞ்சும் 430 யூனிட்டுக்கு வந்துகொண்டிருந்த 9,460 ரூபா, ஜனவரியிலிருந்து 6,665 ஆனது. இதில் எனக்கு முறைப்பாடு இல்லை. கையெழுத்துப் போடும்போதே தெரியும், கடனும் அதோடு முடிந்தது. கணக்குச் சரியாக வந்ததே எழுத்தில் இருந்த விலை மாறாததால்தான். இடையில் டொலர் 200இலிருந்து 360க்குப் போனபோதும் எனக்கு அதே 22 ரூபாதான் வந்தது. கூட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதேபோல யாரும் குறைக்கவும் கேட்கக் கூடாது.

எங்கள் ஒழுங்கையில் இப்போது சோலர் வீடு நான்கு. எனக்கு 15.50. 2022 நெருக்கடிக்குப் பிறகு போட்ட வாத்தியார் வீட்டுக்கு 37. அதற்கடுத்து வந்தவருக்கு 27 அளவில். கடைசியாக 2025இல் போட்ட வீட்டுக்கு, 5 கிலோவாட் வரையான புதிய விலையாக 20.90. ஒரே வெயில், ஒரே ட்ரான்ஸ்போமர், நாலு விலை. புதிதாகப் போட நினைத்திருந்த மாமி இதைக் கேட்டுவிட்டு, “அடுத்த வருஷம் என்ன விலையோ” என்று சீட்டுக் காசில் குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டா. ஆளுக்கொரு விலை என்பதைவிட, நாளை என்ன விலை என்று தெரியாமல் இருப்பதுதான் ஆட்களைப் பின்வாங்க வைக்கிறது.

மற்றப் பக்க நியாயத்தையும் மறைக்க மாட்டேன். நாலு வீடும் ஒன்றாக உற்பத்தி செய்யும் மத்தியானத்தில் லைனின் வோல்டேஜ் 250ஐத் தாண்டி, என் இன்வேர்ட்டர் இப்போது அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. தேவையில்லாத நேரத்தில் கரண்ட் தள்ளுகிறோம். நாட்டுக்குத் தேவையோ மாலை 6.30 முதல் 10.30 வரை. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலர்க்காரர் பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி வேண்டுகோள் வந்தபோது நானும் நிறுத்தினேன். கைவிசேடம் கொடுத்துவிட்டுப் போய் சுவிட்சைக் கீழே தள்ளினேன். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. அதற்கு ஒரு சதமும் இல்லை.

மின்கட்டண மாற்றத்துக்கு முன், மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். இந்த முறை நானும் எழுதுகிறேன். கையெழுத்திட்ட 20 வருட ஒப்பந்தங்களில் கைவைக்க வேண்டாம். 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட வீடுகளின் விலையை இனியும் இறக்க வேண்டாம். தொழிற்சாலைக் கூரையையும் மாமியின் கூரையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பகல் கரண்ட் வேண்டாமென்றால், அதை மாலைக்குக் கொண்டுவரும் பற்றரிக்கு வட்டி குறைந்த கடன் தாருங்கள். உச்ச நேரத்தில் தரும் யூனிட்டுக்குக் கூடிய விலை அறிவிக்கும்போது, அது எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுத்தில் தாருங்கள். கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூரில், அனல்மின் நிலையம் வரவிருந்து 2016இல் கைவிடப்பட்ட இடத்தில், இப்போது பெரிய சோலர் திட்டம் வருகிறது. நல்லது. அதைப் போடுகிற பெரிய கையும், விலை எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேட்காமல் காசு போடாது. நாங்களும் அதையே கேட்கிறோம்.

கடிதத்தோடு 2017 ஒப்பந்தத்தின் போட்டோக் கொப்பியும் 2024 டிசம்பர், 2025 ஜனவரி பில்களும் வைக்கிறேன்.

இனிப் போட இருப்பவர்களுக்கு: கடலோரம் என்றால் ஆணியைக் காந்தம் வைத்துப் பாருங்கள், பலமாக இழுத்தால் திருப்பி அனுப்புங்கள். இன்வேர்ட்டருக்குக் காற்றோட்டமுள்ள கூண்டு, அதற்கு நெருக்கமான கம்பி வலை. மின்வெட்டில் வேலை செய்யுமா என்று வாயால் கேட்டால் போதாது, விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.