மொரீஷியஸில் ஒரே ஒரு பகல்: தென்மேற்கு மலைவழியா, வடக்குத் துறைமுக வழியா?

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மொரீஷியஸ் செல்பவர்கள் பெரும்பாலும் கடற்கரை விடுதியிலேயே நாள்களைக் கழித்துவிட்டு, தீவின் உட்பகுதிக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகிறார்கள். அந்தப் பகலுக்கு வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் ஏறி, எரிமலை வாய், கங்கா தலாவ் ஏரி, காட்டுப் பள்ளத்தாக்கு, ஷமரெல் அருவி, ஏழு வண்ண மண் ஆகியவற்றைக் கண்டு தென்மேற்கில் இறங்கும் மலைவழி. மற்றொன்று, தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தையும் அதற்கு வடக்கே பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழி. இரண்டையும் ஒரே பகலில் அடைக்க முயல்வது வீண்; மே மாதத்தில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது.

எரிமலைத் தீவு, எங்கும் பசுமை என்று கேட்டதுமே மனம் மலைவழியின் பக்கம்தான் சாயும். ஆரியங்காவுக் கணவாய்க்கு இப்பால் செங்கோட்டையிலிருந்தும் அப்பால் புனலூரிலிருந்தும் சேர்ந்து சென்ற எங்கள் உறவினர் எட்டுப் பேரும் முதல் பயணத்தில் அதையே தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் பயணத்தில்தான் வடக்கு வழியைப் பார்த்தேன். அதன்பின் எனக்குத் தோன்றியது இது: மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தவர்கள், சமவெளிக்காரர்களுக்கு ஏற்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தத் தீவைப் பார்க்கத் தேவையில்லை.

அருவியையே எடுத்துக்கொள்வோம். ஷமரெல் அருவி எண்பது மீட்டருக்குக் குறையாத உயரம் கொண்டது. கரும்பாறைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்து விழுவது அழகுதான். ஆனால் அதைத் தொலைவிலுள்ள காட்சி மேடையில், கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள பாலருவி ஆரியங்காவில் நம் வீட்டுக் கொல்லையைப் போல இருக்கிறது. குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்றவர்களுக்கு, நனையாமல் பார்க்கும் அருவி பாதி அருவிதான். "இதைப் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?" என்று என் அத்தை கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தேயிலைத் தோட்டங்களும் அப்படியே. புவா ஷெரியின் சரிவுகள் பசுமையாக இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கழுதுருட்டிக்கு மேலே அம்பநாட்டில் ஏறியவர் அங்கே புதிதாக எதையும் காணப்போவதில்லை.

காட்டைப் பற்றி ஒரு சொல். பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பகுதி 1994-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்சி முனையிலிருந்து பார்த்தால் கடல் வரை ஒரே பச்சைக் கம்பளமாகத் தெரியும். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பங்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் புதராக மண்டிய சீனக் கொய்யா போன்றவை; தீவுக்கே உரிய காடு மிகச் சிறு அளவில்தான் எஞ்சியிருக்கிறது. நம் மலைகளில் உண்ணிச்செடி செய்துவரும் வேலையை அங்கே கொய்யா செய்கிறது.

மலைவழியில் நமக்கு உண்மையிலேயே புதியவை எரிமலை வாயும் வண்ண மண்ணும்தான். நம் ஆரியங்காவுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது அவற்றுக்கு உண்டு. மொரீஷியஸ் கடலுக்கு மேலே எழுந்து ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆனாலும் இந்தியாவுக்கும் அந்தத் தீவுக்கும் ஓர் உறவு இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிரத்தின் கரும்பாறைப் படிவுகளைக் கொட்டிய அதே அடிநில வெப்பமுனைதான் (பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு மேலெழும் இடம்), இந்தியா வடக்கே நகர்ந்து சென்றபின் மாலத்தீவுகளின் அடித்தளத்தையும் பின்னர் மொரீஷியஸையும் எழுப்பியது. இப்போது அது பக்கத்துத் தீவான ரீயூனியனின் அடியில் எரிந்துகொண்டிருக்கிறது. க்யூர்பிப் ஊரின் மேட்டிலுள்ள த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயின் விளிம்பில், கடல்மட்டத்திற்கு 600 மீட்டருக்கு மேலே நின்று, மரம் அடர்ந்த அந்தக் கிண்ணத்தின் அடியில் தேங்கிய சிறு குட்டையைக் குனிந்து பார்க்கும்போது இந்தக் கணக்கு முழுவதும் கண்முன்னே விரிகிறது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. விளிம்பைச் சுற்றி நடப்பதும் எளிது. ஆனால் தென்கிழக்குக் காற்று மேட்டுநிலத்தில் மோதி எந்நேரமும் சாரலைத் தூவும் ஊர் அது. நம் ஊரில் ஆனி ஆடியில் மட்டும் வரும் சாரல் அங்கே ஆண்டு முழுவதும் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு, காலையிலேயே போய்விட வேண்டும்.

ஏழு வண்ண மண் சிறிய இடம். முதல் பார்வையில் ஏமாற்றம் தரலாம். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை மழையிலும் வெப்பத்திலும் சிதைந்து, அதிலிருந்த சிலிக்கா கரைந்து போய், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் தங்கிவிட்ட மண் அது. இரும்பு சிவப்பையும் அலுமினியம் நீல ஊதாச் சாயலையும் தருகின்றன. ஏறத்தாழ இதே வேலையால் உருவானதுதான் கேரளத்தில் வீடு கட்டப் பயன்படும் வெட்டுக்கல். அங்காடிப்புரத்தில் அதைக் கண்ட புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து ஆய்வாளர் 1807-இல் அதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். வெட்டுக்கல் சுவருக்குள் வளர்ந்தவர்கள், அந்த மண் வெட்டி எடுக்கப்படாமல் மேடு மேடாக, பல நிறங்களில் கிடப்பதை அரை மணி நேரம் பொறுமையாகப் பார்க்கலாம். அதற்காக ஒரு பகல் முழுவதையும் வளைவுப் பாதையில் கழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எங்கள் ஓட்டுநர் நடுவில் இரண்டு பொம்மைக் கப்பல் கடைகளில் வண்டியை நிறுத்தி ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிட்டார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கங்கா தலாவ் ஏரியின் கரையில் 33 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவன் சிலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மலைவழியைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு மாற்று இல்லை.

வடக்கு வழியில் மலை தொலைவில்தான் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது மனிதர்களின் தடத்தை. போர்ட் லூயித் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்னும் இடத்தில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் நினைவாகக் கல்படிகளும் சில கட்டடப் பகுதிகளும் காக்கப்படுகின்றன. 2006-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய படிகள் அவை. பீகார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களே மிகுதி என்றாலும், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அதற்கும் முன்னே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்திருந்தனர். அவர்களின் வழிவந்தோரில் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் ஆறுமுகமும் வைத்திலிங்கமும் பிரெஞ்சுச் சாயல் ஏறிய எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன, தைப்பூசம் அரசு விடுமுறையாக இருக்கிறது, ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து அச்சாகிறது. 1998-இல் புதிய தாள்களில் இந்தியைத் தமிழுக்கு முன்னே அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. அங்காடியில் விற்கும் 'காத்தோ பிமான்' என்பதை வாங்கிக் கடித்ததும் என் மச்சான் சிரித்துவிட்டார். நம் பருப்பு வடைதான் அது.

பாம்பிள்மூஸ் தோட்டத்தை எல்லோரும் அகன்ற இலைகளுடைய ஆமேசான் அல்லிக் குளத்திற்காகப் பார்க்கிறார்கள். நான் நின்றது குடைப்பனை மரங்களின் கீழே. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, மடிந்துபோகும் அந்த மரம் கேரளத்துக்கும் இலங்கைக்கும் உரியது. அதன் ஓலையிலும் நம் முன்னோர் ஏடெழுதினார்கள், குடை செய்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் தோட்டத்தை வளர்த்தவரும், டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த கிராம்பையும் ஜாதிக்காயையும் மொலுக்காத் தீவுகளிலிருந்து கடத்திவரச் செய்தவருமான பியர் புவாவ்ரின் குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் 'மிளகு' என்று பொருள். புனலூர்ச் சந்தையில் மிளகு விற்ற குடும்பத்தில் வந்த எனக்கு அது பிடித்துப் போயிற்று.

போக்குவரத்திலும் வடக்கு வழியே கைக்கு அடக்கமானது. மலைவழிக்கு முழு நாள் வாடகைக் கார் இல்லாமல் முடியாது. பேருந்துகள் உண்டென்றாலும், மாறி மாறி ஏறி ஷமரெல் சேர்வதற்குள் பகல் போய்விடும். போர்ட் லூயிக்கும் க்யூர்பிப்பிற்கும் இடையே 2022 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. பாம்பிள்மூஸுக்குப் பேருந்து கிடைக்கிறது.

ஆகவே நான் இரண்டில் எதையும் அப்படியே எடுக்கச் சொல்ல மாட்டேன். மலைவழியிலிருந்து எரிமலை வாயை மட்டும் பிரித்தெடுத்து வடக்கு வழியின் தலையில் வைத்துவிடலாம்: காலை எட்டு மணிக்கு க்யூர்பிப்பில் விளிம்பு நடை, பின்பு மெட்ரோவில் போர்ட் லூயி, ஆப்ரவாசி காட், அங்காடியில் உணவு, மூன்று மணிக்குள் பாம்பிள்மூஸ். வண்ண மண் விட்டுப்போகும். அந்த இழப்பை மறுக்கவில்லை. சமவெளியில் வளர்ந்த, மலையையே பார்த்திராத குழந்தைகள் உடன் வந்தால் மட்டும் நான் தயங்காமல் காரை ஷமரெலுக்குத் திருப்பச் சொல்வேன். வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக்கூடாது என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே பேசி முடித்துக்கொண்டு.